கிராவிட்டி: ஹபிளில் இருந்து விண்வெளி நிலையத்துக்கு ஜெட் பையில் போக முடியுமா?

கரிசல்: நேற்று ராத்திரி கிராவிட்டி (2013) மறுபடி பார்த்தேன். ஹபிள் தொலைநோக்கியைப் பழுது பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். ரஷ்யா தன் செயற்கைக்கோளை ஏவுகணையால் உடைக்க, சிதறல் வந்து விண்வெளி ஓடத்தை நொறுக்கிவிடுகிறது. மிஞ்சிய இருவரும் முதுகில் மாட்டி வாயுவைப் பீய்ச்சி நகரும் ஒரே ஜெட் பையை நம்பி சர்வதேச விண்வெளி நிலையத்துக்குக் கிளம்புகிறார்கள். காதில் பூ சுற்றவும் ஒரு அளவு வேண்டாமா? பூமத்திய ரேகையில் இருந்து ஹபிளின் சுற்றுப்பாதைச் சாய்வு 28.5 டிகிரி, நிலையத்துக்கு 51.6. உயரத்தை விடுங்கள், சாய்வை மாற்றவே வினாடிக்குச் சுமார் 3 கி.மீ. வேகம் கூடுதலாக வேண்டும். முழு விண்வெளி ஓடத்தாலேயே முடியாத காரியம் அது. அதனால்தான் 2009ல் அட்லாண்டிஸ் ஓடம் ஹபிளுக்குப் போனபோது, ஆபத்து வந்தால் மீட்க எண்டெவர் ஓடத்தை இன்னொரு ஏவுதளத்தில் தயாராக நிறுத்தியிருந்தார்கள். இந்தப் படத்துக்கு ஏழு ஆஸ்கர்!

மேகலா: அண்ணா, உங்கள் கணக்குப்படி எடுத்தால் படம் இருபது நிமிடத்தில் முடிந்துவிடும், எல்லாரும் செத்திருப்பார்கள். சரியாகச் செய்ததையும் சொல்லுங்கள். நிலையம் தூள்தூளாகச் சிதறும்போது வெடிச்சத்தமே கிடையாது. கையுறை எதையாவது தொட்டால் மட்டும் உடைக்குள் அதிர்வு கேட்கிறது. அப்புறம், 2021 நவம்பரில் ரஷ்யா காஸ்மோஸ் 1408 என்ற தன் பழைய செயற்கைக்கோளை ஏவுகணையால் உடைத்தபோது, நிலையத்தில் இருந்த ஏழு பேரும் சோயுஸ், டிராகன் கலங்களுக்குள் போய்ப் பதுங்கினார்கள். படம் வந்து எட்டு வருடம் கழித்து!

தணிகை: நடுவில் வருவதற்கு மன்னிக்கவும். சாய்வுக் கணக்கு எனக்கு உறுத்தவில்லை, தியேட்டரில் யாரும் அதைப் போட்டுப் பார்ப்பதில்லை. உறுத்துவது கயிற்றுக் காட்சி. சாண்ட்ரா புல்லக்கின் கால் சோயுஸின் பாராசூட் கயிற்றில் சிக்கி நிற்கிறது, ஜார்ஜ் குளூனி அவர் பிடித்த பட்டையின் மறுமுனையில். இருவரும் நின்றாகிவிட்டது. அதற்கு மேல் குளூனியை எந்த விசை இழுக்கிறது? லேசாகச் சுண்டினாலே மிதந்து பக்கத்தில் வந்திருப்பார். கிணற்று விளிம்பில் தொங்குகிறவர் மாதிரி கையை விடுகிறார்!

மேகலா: கயிறு காலில் இருந்து நழுவிக்கொண்டே இருக்கிறது, முழுசாக நிற்கவில்லை.

தணிகை: அவ்வளவு வசனம் பேசி முடிக்கும்வரை ஒரே இடத்தில் இருக்கிறார்களே. அந்த அம்மா தனியாக வேண்டும் என்று திரைக்கதை முடிவு செய்துவிட்டது, அதற்காக ஆளைக் கொன்றார்கள்.

கரிசல்: அப்படிப் போடுங்கள். அந்தக் கண்ணீர்? எடையற்ற நிலையில் அது துளியாகப் பறக்காது, கண்ணிலேயே உருண்டையாக ஒட்டி நிற்கும். அதே 2013ல் விண்வெளி வீரர் கிறிஸ் ஹேட்ஃபீல்டு நிலையத்தில் இருந்தே வீடியோவில் செய்து காட்டினார்.

மேகலா: அந்தத் துளி 3டியில் மூக்குக்கு நேரே வந்து நின்றபோதும் ஹேட்ஃபீல்டை நினைத்தவர் உலகத்திலேயே நீங்கள் ஒருவராகத்தான் இருக்கும் அண்ணா.