ரைட்டரில் கறுப்புக் கட்டங்கள்: எழுத்துருவின் மேல் ஏன் பழி?

நகரி அச்சகம்:
வீட்டுக் கணினியில் லிப்ரே ஆபிஸின் எழுதும் மென்பொருளான ரைட்டரில் வரிகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறுவதும், மெனு கறுப்புக் கட்டமாவதும் தமிழ் எழுத்துருக்களின் கோளாறுதான். லதா என்ற எழுத்துருவை மட்டும் வைத்துக்கொண்டு, நீங்களாக ஏற்றிய மற்றவற்றை நீக்கிவிடுங்கள். இதற்கு மேல் ஆராய்ச்சி தேவையில்லை.

கொழிஞ்சாம்பாறை மாஷ்:
இப்படிச் சொல்லி எத்தனை பேரை எழுத்துருக்களை அழிக்க வைக்கப் போகிறீர்கள்? அதே கோப்பைப் பிடிஎஃப் ஆக்கிப் பாருங்கள், ஓர் எழுத்தும் சிதையாது. எழுத்துரு கெட்டிருந்தால் அங்கேயும் கெட்டுத்தானே வரும்? கோளாறு திரையில் வரையும் இடத்தில் இருக்கிறது. 2020இல் வந்த 7.0 பதிப்பிலிருந்து விண்டோஸில் ஸ்கியா என்ற நிரல்தான் வரைகிறது. அது கிராபிக்ஸ் கார்டை நம்பி வேலை செய்கிறது. டூல்ஸ், ஆப்ஷன்ஸ், வியூ வரை போங்கள். கார்டை விட்டுவிட்டு மென்பொருளாலேயே ஸ்கியாவை வரைய வைக்கும் பெட்டி அங்கே இருக்கிறது. டிக் செய்து, ரைட்டரை மூடித் திறங்கள்.

நகரி அச்சகம்:
பிடிஎஃப் எழுத்துருவைத் தனக்குள் புதைத்துக்கொள்ளும். அது சாட்சி ஆகாது. அச்சுக்கூடத்தில் வளர்ந்தவனுக்குப் பிடிஎஃப் பாடமா?

கொழிஞ்சாம்பாறை மாஷ்:
புதைக்கும் எழுத்துரு எங்கிருந்து வருகிறது? உங்கள் கணினியிலிருந்துதான். கெட்டதைப் புதைத்தால் கெட்டதுதான் தெரியும். பிடிஎஃப் சரியாக வருகிறதா, இல்லையா? அதற்குப் பதில் சொல்லுங்கள்.

வேலந்தாவளம் தம்பி:
கார்டை இயக்கும் நிரலான கிராபிக்ஸ் டிரைவரைப் புதுப்பித்தேன், எனக்குச் சரியாகிவிட்டது. எழுத்துருவையும் தொடவில்லை, டிக்கும் போடவில்லை.

கொழிஞ்சாம்பாறை மாஷ்:
நான் சொன்னதற்கு இதுவே அத்தாட்சி.

வேலந்தாவளம் தம்பி:
என்னை உங்கள் கட்சியில் சேர்க்க வேண்டாம் மாஷே. டிரைவர் பழையதாக இருக்க, கார்டை ஒதுக்கி வைப்பது வைத்தியமே அல்ல.

செங்கோட்டை ராயல்:
கேரளப் பள்ளிகள் முழுக்க லிப்ரே ஆபிஸ்தானே? அங்கே யாரும் கறுப்புக் கட்டம் என்று புலம்பவில்லையே. பிறகு ஸ்கியா எப்படிக் குற்றவாளி ஆகும்?

கொழிஞ்சாம்பாறை மாஷ்:
பள்ளிகளுக்குக் கைட் என்ற கேரள அரசின் கல்வித் தொழில்நுட்ப நிறுவனம் கொடுத்திருப்பது விண்டோஸ் அல்ல, லினக்ஸ். அதில் ஜிடிகே என்ற இடைமுகத்தில் ஸ்கியா வரைவதில்லை, கைரோ என்ற வேறு நிரல் வரைகிறது. நகரிக்காரர் ஹெல்ப் மெனுவிலிருந்து சேஃப் மோடில் திறக்கட்டும். அது கார்டின் துணையில்லாமல்தான் திறக்கும். கட்டம் மறைந்தால் எழுத்துரு நிரபராதி. பிடிஎஃப்பும் அதைத்தான் சொல்கிறது.

நகரி அச்சகம்:
எதற்கெடுத்தாலும் கேரளப் பெருமை. பாமினி என்ற பழைய எழுத்துரு விஷயத்திலும் இப்படித்தான் என்னைப் பேச விடாமல் செய்தீர்கள். நான் மறக்கவில்லை.

கொழிஞ்சாம்பாறை மாஷ்:
பாமினியில் ஆங்கில எழுத்தின் இடத்தில் தமிழ் வடிவம் உட்கார்ந்திருக்கிறது, யூனிகோடு என்ற பொதுக் குறிமுறைக்கு மாற்றாமல் தமிழில் தேட முடியாது என்றேன். இன்றும் அதையே சொல்கிறேன்.

நகரி அச்சகம்:
கல்யாணப் பத்திரிகைக்குள் யார் ஐயா தேடப் போகிறார்கள்? புத்தூரிலிருந்தும் திருத்தணியிலிருந்தும் வருகிறவர்கள் பாமினியில்தான் கொண்டுவருகிறார்கள். அவர்களைத் திருப்பி அனுப்பவா?

செங்கோட்டை ராயல்:
பேச்சு எங்கேயோ போகிறது. என் கேள்வி கறுப்புக் கட்டத்தைப் பற்றியது.

கொழிஞ்சாம்பாறை மாஷ்:
என் கேள்வியும் அதுதான். பிடிஎஃப்பில் எழுத்து சிதைந்ததா?

நகரி அச்சகம்:
பிடிஎஃப் சாட்சி ஆகாது என்று முன்பே சொல்லிவிட்டேன். லதாவை மட்டும் வைத்தேன், கட்டம் போய்விட்டது.

கொழிஞ்சாம்பாறை மாஷ்:
நீக்கியபின் கணினியை மூடித் திறந்தீர்கள் அல்லவா? அதில் போயிருக்கும். மறுபடி வரும்.

நகரி அச்சகம்:
வரட்டும். அப்போதும் உங்களிடம் கேட்க மாட்டேன்.