பச்சை இலை வைத்தால் பச்சோந்தி பச்சையாகுமா?

செதிலன்:
வெய்ல்ட் என்னும் இனத்துப் பச்சோந்திக் குஞ்சு ஒன்று காலை வேளைகளில் கறுத்துக் கிடக்கிறதே என்று புதிய உறுப்பினர் ஒருவர் கேட்டதற்கு, "கூண்டில் இருப்பது பழுப்புக் கிளை, அதனால்தான் கறுக்கிறது, பச்சை இலைக் கொத்துகளைத் தொங்கவிடுங்கள், பச்சையாகிவிடும்" என்று நண்பர் கிளிக்கூண்டு பதில் எழுதியிருக்கிறார். அதற்கு நன்றி சொல்லவும் ஒரு கூட்டம் திரண்டிருக்கிறது. அந்த எரிச்சலில்தான் தனி இழை தொடங்குகிறேன். பச்சோந்தி கிளையைப் பார்த்து நிறம் மாறுவதில்லை. இரவில் குளிர்ந்துபோன உடலைச் சூடேற்றிக்கொள்ளவே குஞ்சு காலையில் கறுக்கிறது; கருந்தோல் வெப்பத்தை அதிகமாக உறிஞ்சும். விளக்கின் கீழ் சூடேறிய பிறகும் பகல் முழுதும் கறுப்பாகவே இருந்தால், குளிரோ நீரிழப்போ அச்சமோ நோயோ அதை வருத்துகிறது என்று பொருள். அப்போது பார்க்க வேண்டியது வெப்பமானியை, இலையின் நிறத்தை அல்ல.

கிளிக்கூண்டு:
என் பெயரைச் சொல்லியே இழை தொடங்கிய பெருந்தன்மைக்கு நன்றி. என்னிடம் வளர்ந்த குஞ்சுகள் இலை அடர்ந்த கூண்டில் பச்சையாகவும், வெறும் கிளை மட்டும் இருந்த கூண்டில் கறுத்தும் இருந்தன. கண்ணால் கண்டதை உங்கள் வெப்பமானியா மறுக்கப் போகிறது? தென்னாப்பிரிக்காவின் ஸ்மித் குள்ளப் பச்சோந்தி, பறவைக்கு எதிரே பின்புலத்தோடு நெருக்கமாக ஒன்றுவதையும், பாம்புக்கு எதிரே சற்று வெளிறிக் காட்டுவதையும் டெவி ஸ்டூவர்ட்-ஃபாக்ஸ் குழுவினர் 2008இல் எழுதியிருக்கிறார்கள். பின்புலத்துக்கும் நிறத்துக்கும் தொடர்பே இல்லை என்றால், அந்த ஆராய்ச்சியாளர்கள் எதை அளந்தார்கள் என்று நீங்களே விளக்குங்கள்.

செதிலன்:
அது குள்ளப் பச்சோந்தி. நாம் பேசுவது ஏமனையும் சவூதியையும் தாயகமாகக் கொண்ட வெய்ல்ட் பச்சோந்தி. அதே ஸ்டூவர்ட்-ஃபாக்ஸ், அதே 2008இல், முசாலியோடு சேர்ந்து வெளியிட்ட இன்னொரு கட்டுரையையும் நண்பர் புரட்டியிருக்கலாம். நிறம் மாற்றும் திறன் மிகுந்த இனங்கள், பலவிதப் பின்புலங்களில் வாழ்பவை அல்ல, தம் இனத்தாருக்குப் பளிச்சென்று செய்தி சொல்பவை என்பதே அதன் முடிவு. ஜெனீவா பல்கலைக்கழகத்தின் மிலின்கோவிச் குழுவினர் 2015இல் பாந்தர் பச்சோந்தியின் தோலில் ஒளியைத் திருப்பி நிறம் காட்டும் குவானின் நுண்படிகங்களை ஆராய்ந்தார்கள். படிகங்களின் இடைவெளி சுருங்கியிருக்கும்போது அமைதியான ஆண் பச்சையாகத் தெரிகிறது. போட்டிக்கு இன்னோர் ஆண் வந்தால் இடைவெளி விரிந்து, மஞ்சளும் செம்மையும் வெளிப்படுகின்றன. கறுப்போ, மெலனின் நிறமி மேற்புறமாகப் பரவுவதால் வருவது. இதில் கிளை எங்கே வந்தது?

கிளிக்கூண்டு:
நான் குள்ளப் பச்சோந்தியைச் சொன்னால் வேறு இனம். நீங்கள் மடகாஸ்கர் பாந்தரைச் சொன்னால் மட்டும் அது வெய்ல்டுக்கு அத்தை மகனா? மேலும், இலை அடர்ந்த கூண்டில் என் குஞ்சுகள் பச்சையாக இருந்தன என்பதற்கு இன்னும் பதில் வரவில்லை.

செதிலன்:
பதில் எளியது. இலை இருந்ததால் குஞ்சுக்கு ஒளிந்துகொள்ள இடம் கிடைத்தது. ஒளிய இடம் கிடைத்த குஞ்சு அச்சம் நீங்கி இயல்பான பச்சைக்குத் திரும்பியது. ஊதா நிற இலையை வைத்திருந்தாலும் பச்சையாகத்தான் இருந்திருக்கும். ஆனால் தயவுசெய்து பிளாஸ்டிக் இலையைத் தொங்கவிடாதீர்கள். வெய்ல்ட் பச்சோந்தி இலையையும் தின்னும், பிளாஸ்டிக் குடலை அடைத்துவிடும். மணிபிளாண்ட் கொடி வையுங்கள். கிளையைப் பார்த்து அது நிறம் மாறுவதில்லை என்பதை மறுபடியும் சொல்கிறேன்.

மணல்மேடு:
இருவரும் கிளையை விட்டு இறங்குவதாகத் தெரியவில்லை. 2014இல் பாலென், ஷைன், ஒல்சன் ஆகியோர் வெய்ல்ட் குஞ்சுகளை வைத்தே ஆராய்ந்தார்கள். தனியே வளர்ந்த குஞ்சுகள் கூட்டமாக வளர்ந்தவற்றைவிடக் கருத்த, மங்கிய நிறங்களைக் காட்டின, மற்றவற்றின் முன் பணிந்தும் போயின. ஆகவே கறுப்புக்குத் தனிமையும் காரணமாகலாம். இரண்டு குஞ்சுகளைச் சேர்த்து வளர்ப்பதே நல்லது என்பது என் கருத்து.

செதிலன்:
இரண்டு குஞ்சுகளை ஒரு கூண்டில் அடைத்தால், வலியது விளக்கடியையும் இரையையும் பிடித்துக்கொள்ளும், எளியது மூலையில் கறுத்து மெலியும். நீங்கள் சொல்லும் ஆய்வு பொரித்த முதல் இரண்டு மாத வளர்ப்பைப் பற்றியது. அதை வைத்துக்கொண்டு வளர்ந்துவரும் குஞ்சுகளை ஒன்றாக அடைக்கச் சொல்வது, முன்பு ஆமைத் தொட்டி விவகாரத்தில் நீங்கள் வழங்கிய அறிவுரைக்கு ஒப்பானது.

மணல்மேடு:
ஆமைத் தொட்டியை இங்கே இழுக்க வேண்டிய தேவை என்ன? அந்த இழையில் என்னை ஆதரித்தவர்களும் இருந்தார்கள் என்பதை நினைவூட்டுகிறேன்.

வேப்பமரம்:
குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். எங்கள் ஊர்ச் சாலையோரத்தில் ஒரு சிறு பச்சோந்தியைக் கண்டெடுத்து வைத்திருக்கிறேன். அதற்கும் இதே விளக்கு போதுமா?

கிளிக்கூண்டு:
இந்தியாவில் இருக்கிறீர்கள் என்றால், அது 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் காக்கப்படும் உயிரினம். வளர்க்கக் கூடாது, வனத்துறையிடம் ஒப்படையுங்கள். இதிலாவது செதிலன் என்னை மறுக்க மாட்டார் என நம்புகிறேன்.

செதிலன்:
சட்டத்தை மறுக்கவில்லை, கிளையை மறுக்கிறேன்.

மொன்றியல்பனி:
கேள்வி கேட்ட புதியவன் நான்தான். பனிக்காலத்தில் எங்கள் அறை இரவில் 17 பாகை வரை இறங்கிவிடுகிறது. விளக்கடியில் அளந்தபோது 23 பாகைதான் இருந்தது. வார இறுதியில் வலுவான விளக்கை மாட்டி 29 பாகைக்குக் கொண்டுவந்தேன், அன்றே மணிபிளாண்டையும் வைத்தேன். இப்போது காலை ஒன்பது மணிக்கெல்லாம் குஞ்சு பச்சையாகிவிடுகிறது. இருவருக்கும் நன்றி.

கிளிக்கூண்டு:
இலை வைத்தார், பச்சையானது. இதற்கு மேல் நான் என்ன சொல்ல வேண்டும்?

செதிலன்:
விளக்கை மாற்றினார், பச்சையானது. நண்பர் மொன்றியல்பனி, அப்படியே யூவிபி என்ற புற ஊதாக் கதிர் தரும் குழல் விளக்கையும் கவனியுங்கள். கண்ணாடி ஊடே வரும் சன்னல் வெயிலில் அந்தக் கதிர் கிடைக்காது. அது கிடைக்காமலும், இரையின் மீது கால்சியம் தூள் தூவாமலும் வளர்ந்தால் குஞ்சின் தாடையும் கால்களும் மென்மையாகி வளைந்துவிடும். அதன் கண்களுக்கு இடைப்பட்ட அகலத்தைவிடப் பெரிய பூச்சியைக் கொடுக்காதீர்கள். கிண்ணத்து நீரைக் குடிக்கும் என்று காத்திராமல், இலைகள் மீது நீரைத் தெளியுங்கள். பிறகு, விளக்கை அப்படியே வைத்துக்கொண்டு செடியை மட்டும் ஒரு வாரம் வெளியே எடுத்துப் பாருங்கள். யார் சொன்னது சரி என்று தெரிந்துவிடும்.

கிளிக்கூண்டு:
ஒளிய இடம் வேண்டும் என்று மேலே எழுதியவரே செடியை எடுக்கச் சொல்கிறார், கவனியுங்கள். எடுத்தால் கறுக்கும், கறுத்ததும் அதற்கும் அவர் ஒரு வெப்பமானி வைத்திருப்பார்.

செதிலன்:
கறுத்தால் அது அச்சத்தால். கிளையால் அல்ல.

மணல்மேடு:
அல்லது தனிமையால்.