சென்னையில் நம்பகமான மாடலிங் ஏஜென்ட் யாராவது தெரியுமா?

வணக்கம் அக்கா, அண்ணா எல்லாருக்கும். என் தங்கை கோவையில் பி.காம். கடைசி வருடம் படிக்கிறாள், நல்ல உயரம், மாடலிங்கில் உண்மையான ஆர்வம், வீட்டிலும் சரி என்று சொல்லிவிட்டார்கள். ஏஜென்ட் விஷயத்தில்தான் பயமாக இருக்கிறது. சென்னையில் ஒருவர் இன்ஸ்டாகிராமில் பேசி, தி.நகர் ஜவுளிக்கடை விளம்பரம் தயாராக இருக்கிறது, ஆனால் முதலில் அவர் சொல்லும் ஸ்டுடியோவில் 45,000 ரூபாய் கட்டி போர்ட்ஃபோலியோ (வாய்ப்பு கேட்கும்போது காட்டும் படத் தொகுப்பு) எடுத்தே ஆக வேண்டும் என்கிறார். ஒப்பந்தத்தைக் கேட்டால் பணம் கட்டிய பிறகுதான் காட்டுவாராம். அவர் கொடுத்த ஜிஎஸ்டி எண்ணை அரசுத் தளத்தில் போட்டுப் பார்த்தால் வேறு ஏதோ கடையின் பெயர் வருகிறது. முடியாது என்று சொல்லிவிட்டோம்.

நல்ல ஏஜென்சி வேலை வாங்கிக் கொடுத்து அந்தச் சம்பளத்தில்தான் கமிஷன் எடுக்கும், முதலில் காட்ட மேக்கப் இல்லாமல் போனில் எடுத்த தெளிவான படங்களே போதும், இதுவரை எனக்குப் புரிகிறது. அதற்கு மேல் தெரியவில்லை. ஆடித் தள்ளுபடி, தீபாவளி விளம்பரங்களுக்குப் புதுமுகங்களை யார் தேர்வு செய்கிறார்கள், கடையா, விளம்பர நிறுவனமா? வேறு யாரிடமும் வேலை செய்யக் கூடாது என்ற நிபந்தனையோடு வரும் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடலாமா? அப்புறம், படப்பிடிப்புக்கு அம்மா கூட வருவதை ஒத்துக்கொள்வார்களா? இது எங்களுக்கு ரொம்ப முக்கியம். இந்தத் துறையில் வேலை செய்தவர்கள் தயவுசெய்து சொல்லுங்கள்.