சாந்தி விழாவுக்கு ஒதுக்கிய ஒரு லட்சம்: இல்லத்தில் சாப்பாடா, குடும்பத்துக்கு மாதப் பணமா?

செக்காலை
அப்பச்சிக்கு, அதாவது அப்பாவுக்கு, தை மாதம் சாந்தி (வயது நிறைவு விழா). விருந்தைச் சுருக்கி ஒரு லட்ச ரூபாய் தனியாக எடுத்து வைத்திருக்கிறோம். அது காரைக்குடிப் பக்கத்துப் பிள்ளைகளுக்குப் போக வேண்டும் என்பது ஆத்தாவின் ஆசை. குழந்தைகள் இல்லத்தில் மூன்று வேளையும் சாப்பாடு போட்டு, எல்லாப் பிள்ளைகளுக்கும் புதுத்துணி எடுத்துக் கொடுக்கலாம் என்கிறார்கள் பங்காளிகள். கஷ்டப்படுகிற குடும்பங்களுக்கு நேராகக் கொடுப்பதுதான் சரி என்கிறார் என் மனைவி. விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

புதுவயல் மில்
இல்லத்துக்கே கொடுங்கள் தம்பி. நான் வருஷா வருஷம் அரிசி மூட்டை அனுப்புகிறவன். சோறு போட்டால் பிள்ளையின் வயிற்றுக்குப் போய்ச் சேர்ந்தது கண்ணுக்குத் தெரியும். ஒரு வீட்டில் ரொக்கமாகக் கொடுத்தால் அது குழுக்கடன் தவணைக்குப் போகுமா, ஒயின்ஷாப்புக்குப் போகுமா என்று யார் பார்ப்பது? என் மில்லில் வேலை செய்கிறவர்கள் வீட்டு நிலைமை எனக்குத் தெரியும். சம்பள நாள் சாயங்காலமே தவணை வாங்குகிறவர் வாசலில் வந்து நிற்பார். அன்னதானம் நம் ஊரில் நேற்று வந்த பழக்கமும் இல்லை.

தேவகோட்டை டீச்சர்
ஐயா, உங்கள் அரிசியை நான் குறை சொல்லவில்லை. ஆனால் இல்லத்தில் சாப்பிட உட்காரும் பிள்ளைகளில் பலருக்கு அம்மாவோ அப்பாவோ உயிரோடு இருக்கிறார்கள். ஜூன் மாதம் வகுப்பில் வருகைப் பதிவேடு எடுக்கும்போது சில பிள்ளைகள் இருக்க மாட்டார்கள். விசாரித்தால், புருஷன் போன பிறகு வாடகையும் சாப்பாடும் சமாளிக்க முடியாமல், பிள்ளையை எங்கோ ஒரு இல்லத்தில் விட்டுவிட்டு அம்மா திருப்பூருக்கு வேலைக்குப் போயிருப்பார். பாசம் இல்லாமல் விடவில்லை. மாதம் மூவாயிரம், நாலாயிரம் துண்டு விழுகிறது, அவ்வளவுதான். அந்தத் தொகைக்காக ஒரு பிள்ளை வீட்டைவிட்டுப் போகிறது.

பிள்ளையை இல்லத்தில் வைப்பது கடைசி வழியாகத்தான் இருக்க வேண்டும் என்று 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டமே சொல்கிறது. இப்படிப்பட்ட வீடுகளுக்கென்றே மிஷன் வாத்சல்யா திட்டத்தில் பிள்ளைக்கு மாதம் 4,000 ரூபாய் நிதி ஆதரவு இருக்கிறது. கிராமத்தில் ஆண்டு வருமானம் 72,000 ரூபாய்க்குள், நகரத்தில் 96,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். அதே கணக்கில் பார்த்தால் செக்காலைத் தம்பியின் ஒரு லட்சம் ஒரு பிள்ளைக்கு 25 மாதம் வரும். ஒரு நாள் மூன்று வேளை சாப்பாடு பெரிதா, ஒரு பிள்ளை இரண்டு வருஷத்துக்கு மேல் தன் அம்மாவோடு இருப்பது பெரிதா?

புதுவயல் மில்
அரசாங்கமே 4,000 கொடுக்கிறது என்றால் தம்பியின் பணம் எதற்கு? இல்லத்துக்காவது பதிவு இருக்கிறது, ஆய்வுக்கு ஆள் வருகிறார்கள், குழந்தைகள் நலக் குழு கேள்வி கேட்கிறது. ஒரு வீட்டுக்குள் போய் யார் கேள்வி கேட்க முடியும்?

தேவகோட்டை டீச்சர்
நல்ல கேள்வி. திட்டம் இருக்கிறது, ஆனால் அந்த அம்மாவால் அதை எட்ட முடிவதில்லை. வருமானச் சான்று வேண்டும், பிள்ளை பெயரில் வங்கிக் கணக்கு வேண்டும், புருஷன் இறந்திருந்தால் இறப்புச் சான்று வேண்டும். விட்டுவிட்டு ஓடிப்போனவனுக்கு இறப்புச் சான்று எங்கே வாங்குவது? கணவனால் கைவிடப்பட்ட பெண் என்ற சான்றை இ-சேவை மையத்தில் விண்ணப்பிக்கலாம் என்பதே பலருக்குத் தெரியாது. ஒவ்வொரு காகிதத்துக்கும் ஒரு நாள் கூலி போகிறது. சிவகங்கையில் இருக்கும் மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகுக்குப் போய்வந்தால் இன்னொரு நாள் கூலியும் பஸ் காசும் போகிறது. அப்புறம் மனு நகர்ந்து பணம் வரும் வரைக்கும் மாதக்கணக்கில் வெறும் காத்திருப்பு. பிள்ளை இல்லத்துக்குப் போவது அந்த இடைவெளியில்தான்.

நம் ஊர்த் தருமம் நிற்க வேண்டிய இடம் அதுதான் என்று நான் நினைக்கிறேன். அரசுப் பணம் வரும் வரை மாதா மாதம் தாங்க வேண்டும், கூடவே சான்றுகளுக்கு அலைய ஒரு ஆள் வேண்டும். அந்த ஆள் வீட்டுக்குப் போய்வருவார், பிள்ளை பள்ளிக்கு வருகிறதா என்று எங்களிடம் கேட்பார். நீங்கள் கேட்ட கண்காணிப்பு அதிலேயே வந்துவிடும். அப்பா அம்மா இருவரையும் இழந்த பிள்ளைகளுக்கு 2025இல் தமிழக அரசு தொடங்கிய அன்புக்கரங்கள் திட்டத்தில் மாதம் 2,000 ரூபாய் உண்டு. அதற்கும் எழுதிக் கொடுக்க ஆள் வேண்டும்.

பழைய இல்லத்துப் பிள்ளை
நான் இல்லத்தில் வளர்ந்தவன். டீச்சர் சொல்வது சரி, ஆனால் இல்லத்தையே தேவையில்லாத இடம் போலப் பேசாதீர்கள். எனக்குத் திரும்பிப் போக வீடு கிடையாது. அந்த இல்லம் இல்லையென்றால் நான் பத்தாவது தாண்டியிருக்க மாட்டேன்.

ஆனால் சாப்பாடு போடுகிறவர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். ஞாயிற்றுக்கிழமை இரண்டு பேர் பிரியாணி கொண்டுவருவார்கள், மிச்சம் குப்பைக்குப் போகும். செவ்வாய்க்கிழமை ரசம் சோறு. யார் என்றே தெரியாதவர்களுக்கு நாங்கள் வரிசையில் நின்று கைதட்டிப் பிறந்தநாள் பாட்டுப் பாட வேண்டும். அந்தப் போட்டோ சாயங்காலமே வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் இருக்கும். மறுநாள் வகுப்பில் ஒருவன் அதை வைத்துக் கேலி பேசுவான். பராமரிப்பும் பாதுகாப்பும் தேவைப்படும் குழந்தையின் அடையாளத்தை வெளியிடக் கூடாது என்று அதே சட்டத்தின் 74ஆம் பிரிவு சொல்கிறது. ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டு லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும். தெரிந்து யாரும் செய்வதில்லை, ஆனால் நின்றது நாங்கள்.

இல்லத்துக்குக் கொடுப்பதானால் சாயங்காலம் கணக்கும் ஆங்கிலமும் சொல்லித்தர ஒரு ஆசிரியருக்குச் சம்பளம் கொடுங்கள். 18 வயது முடிந்து வெளியே வருகிற பையனுக்கு முதல் மூன்று மாத ரூம் வாடகை கொடுங்கள். அந்த வயதில் பெட்டியோடு பஸ் ஸ்டாண்டில் நிற்பது எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும்.

கணக்கப்பிள்ளை
மில்காரர் அன்னதானத்தைப் பற்றிச் சொன்னார். நகரத்தார் வழக்கத்தில் அதைவிட ஆழமான ஒன்று உண்டு, அது மகமை. பர்மாவிலும் மலேயாவிலும் கொண்டுவிற்கப் போய் வட்டித்தொழில் செய்த காலத்தில், லாபம் வந்த பிறகு மனம் வந்தால் கொடுப்பது என்று வைக்கவில்லை. வியாபாரக் கணக்கிலேயே தருமத்துக்கென்று ஒரு பங்கு எழுதினார்கள். சத்திரம், ஊரணி, பாடசாலை எல்லாம் அப்படி வந்தவை. விசேஷ நாளுக்கு மட்டும் கொடுத்திருந்தால் எதுவும் நின்றிருக்காது. வள்ளல் அழகப்பச் செட்டியார், நம் அழகப்பர், காரைக்குடியில் மத்திய மின்வேதியியல் ஆய்வகத்துக்காக 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்தார். 1948இல் நேரு அடிக்கல் நாட்டிய அந்த இடம் இன்றைக்கும் ஊருக்கு வேலை கொடுக்கிறது. ஆகவே ஒரு நாள் செலவு வேண்டாம் தம்பி. ஏதாவது ஒரு அறக்கட்டளையில் வைப்பு நிதியாகப் போடுங்கள், வட்டியில் வருஷா வருஷம் உதவித்தொகை போகும்.

தேவகோட்டை டீச்சர்
மகமையைப் பற்றிச் சொன்னது முழுக்கச் சரி. வைப்பு நிதி என்பதில்தான் எனக்கு உடன்பாடு இல்லை. ஒரு லட்சத்துக்கு வருஷத்துக்கு ஏழாயிரம் வட்டி வரும் என்று வைத்துக்கொண்டாலும், ஒரு பிள்ளைக்கு இரண்டு மாதத்துக்குக்கூட முழுதாக வராது. அதோடு மனம் விட்டுச் சொல்கிறேன், உதவித்தொகை கொடுக்கிற அறக்கட்டளைகள் பலவற்றில் மார்க் கேட்கிறார்கள், சிலவற்றில் என்ன ஆட்கள் என்றும் கேட்கிறார்கள். நெல் அவிக்கிற அம்மாவின் பிள்ளை அந்த இரண்டிலும் வெளியே நிற்கிறது. அழகப்பர் கட்டிய கல்லூரிக்குள் எல்லா வீட்டுப் பிள்ளைகளும் போகிறார்கள். அதைத்தான் நாம் எடுத்துக்கொள்ள வேண்டும்.

கணக்கப்பிள்ளை
ஒரு சமூகம் தன் பணத்தில் தன் பிள்ளைகளை முதலில் பார்ப்பது தவறில்லை அம்மா. அதை இங்கே இழுக்க வேண்டாம்.

தேவகோட்டை டீச்சர்
தவறு என்று சொல்லவில்லை ஐயா. அந்தக் கதவு இல்லாதவர்களுக்கு இந்தப் பணம் போகட்டும் என்கிறேன்.

புதுவயல் மில்
எல்லாரும் அரிசியைக் கீழே போட்டுவிட்டீர்கள். இல்லத்துக்காரர் என்னிடம் சொன்னதைச் சொல்கிறேன். சாப்பாட்டுக்கு ஆள் வருகிறார்கள், கரண்ட் பில்லுக்கும் விடுதிக் காப்பாளர் சம்பளத்துக்கும் ஒருவரும் வருவதில்லையாம். சோறு போடுகிறவனையும் நிறுத்திவிட்டால் அந்த வீடில்லாத பிள்ளைகள் எங்கே போவார்கள்? தம்பி, எங்கே கொடுத்தாலும் பதிவுச் சான்றைக் கேட்டுப் பாருங்கள். பதிவில்லாமல் பிள்ளைகளை வைத்திருந்தால் குழந்தைகள் உதவி எண் 1098க்குச் சொல்ல வேண்டிய விஷயம் அது. வரி விலக்கு வேண்டுமென்றால் 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுக்காதீர்கள், வங்கி வழியாகவே போகட்டும். பொருளாகக் கொடுக்கும் அரிசிக்கும் துணிக்கும் விலக்குக் கிடையாது.

செக்காலை
வீட்டில் எல்லாரையும் உட்காரவைத்து இதைப் படித்துக் காட்டினேன். மூன்று பிள்ளைகளுக்கு ஆறு மாதம், மாதம் 4,000 என்றால் 72,000. மீதி 28,000இல் சான்றுகளுக்கான அலைச்சல் செலவு போக, மிச்சத்தை இல்லத்துக்குச் சாயங்கால ஆசிரியர் சம்பளமாகக் கொடுக்கலாம் என்று நினைக்கிறோம். போட்டோ கிடையாது, சாந்தி அன்று மைக்கில் பெயர் வாசிப்பதும் கிடையாது.

புதுவயல் மில்
ஆறு மாதம் முடிந்து அரசுப் பணம் வரவில்லை என்றால்? மாதா மாதம் வாங்கிப் பழகிய அம்மாவிடம் போய் இனிமேல் இல்லை என்று யார் சொல்வது? அதற்குப் பதில் இல்லாமல் ஆரம்பிக்காதீர்கள். ஒரு நாள் சோறு போடுகிறவன் அந்தப் பொய் நம்பிக்கையைக் கொடுப்பதில்லை. நான் இன்னமும் அந்தப் பக்கம்தான்.

செக்காலை
நியாயமான கேள்வி ஐயா, ராத்திரி முழுக்க அதைத்தான் பேசினோம். எங்கள் பங்காளிகளில் பன்னிரண்டு புள்ளி, அதாவது பன்னிரண்டு குடும்பம், புள்ளிக்கு மாதம் 1,000 என்று எழுதிக்கொண்டால் 12,000. மூன்று பிள்ளைகளுக்கும் சரியாக வரும். இதுவரை ஏழு புள்ளி சம்மதித்திருக்கிறார்கள். பன்னிரண்டும் சேர்ந்த பிறகுதான் மூன்றாவது குடும்பத்திடம் பேச்சு எடுப்போம். டீச்சர், முதல் இரண்டு பிள்ளைகளின் மனுவை மார்கழியிலேயே ஆரம்பிக்க முடியுமா? சிவகங்கைக்கு நானே வண்டியில் கூட்டிப் போகிறேன்.