மலைப்பாதை ஓட்டத்துக்குப் பயிற்சி: மேடே இல்லாத ஊரில் என்ன செய்வது? (சமதளம், படிக்கட்டு, மெதுநடை: பேசுபவர்களின் புனைபெயர்கள்)

சமதளம்:
நான் ஓடப்போகும் மலைப்பாதைப் போட்டி 25 கிலோமீட்டர், மொத்த ஏற்றம் 1,200 மீட்டர். தார்ச்சாலையில் அரை மாரத்தான் ஓடிப் பழக்கம் உண்டு. இங்கே ஏற்றம் என்றால் ஒரு மேம்பாலம்தான். அதையே ஏறி இறங்கினால் போதுமா?

படிக்கட்டு:
மேம்பாலத்தில் ஆரம்பியுங்கள், உயரமான கட்டடம் கிடைத்தால் இன்னும் நல்லது. ஆனால் லிஃப்டில் இறங்கிவிடாதீர்கள்! தொடையின் முன்தசையைப் பதம் பார்ப்பது இறக்கம்தான். தசை நீண்டுகொண்டே பாரம் தாங்க வேண்டியிருக்கும். முதல் தடவைக்குப் பிறகு இரண்டு நாள் நாற்காலியில் உட்காரவே யோசிப்பீர்கள். அடுத்தடுத்த முறை வலி வெகுவாகக் குறையும். போட்டிக்கு முந்தின வாரம் மட்டும் இதைத் தொடாதீர்கள்.

மெதுநடை:
செங்குத்தான ஏற்றத்தில் நடங்கள். முன்வரிசைக்காரர்களே நடக்கிறார்கள், நமக்கென்ன வெட்கம்? கையைத் தொடையில் ஊன்றி, சின்னச் சின்ன எட்டு வைத்து ஏறுங்கள். கிலோமீட்டருக்கு எத்தனை நிமிடம் என்று கடிகாரத்தைப் பார்ப்பதை விடுங்கள், மூச்சைப் பாருங்கள்.

சமதளம்:
சரி, அடுக்குமாடிக் காவலாளியிடம் பேசிப் பார்க்கிறேன். அப்புறம், ஷூ?

படிக்கட்டு:
பாதை சேறா, பாறையா என்று முதலில் விசாரியுங்கள். சேறு என்றால் அடியில் ஆழமான பற்கள் வேண்டும். எதுவானாலும் விரலுக்கு முன்னால் கொஞ்சம் இடம் விட்டு வாங்குங்கள், நகத்தையும் வெட்டிவிடுங்கள். இறக்கத்தில் விரல் ஷூவில் முட்டி முட்டியே நகம் கறுத்துப்போகும்.