1962 காகிதத்தில் உள்ள திசை இன்றைய காம்பஸில் பொருந்தவில்லை, உதவுங்கள்

மெட்டுக்காரன்: கம்பம்மெட்டு தாண்டி இடுக்கிப் பக்கம் தாத்தாவின் ஏலத்தோட்டம் இருக்கிறது. 1962-இல் எழுதிய அளவுக் காகிதத்தில், ஓடைக்கரைக் கல்லிலிருந்து காம்பஸில் 42 டிகிரி, 980 அடியில் மூலைக்கல் என்று இருக்கிறது. அப்படியே டேப் பிடித்துப் போனால் பக்கத்துத் தோட்டத்து ஏலக்காய் ஸ்டோர் வாசலில் போய் நிற்கிறேன், நாங்கள் அனுபவிக்கும் எல்லையிலிருந்து 120 அடி தள்ளி. காந்த வடக்கு வருஷா வருஷம் நகரும் என்கிறார்களே, அதனாலா? உண்மை வடக்குக்கும் காந்த வடக்குக்கும் உள்ள இன்றைய விலகல் 2 டிகிரியைக் கழித்தும் பார்த்தேன், சரிவரவில்லை.

பழைய சர்வேயர்: தம்பி, நகர்வது உண்மைதான். பூமிக்குள் 2,900 கிலோமீட்டருக்குக் கீழே உருகிய இரும்பு ஓடிக்கொண்டே இருக்கிறது, அதோடு ஊசியும் திரும்புகிறது. லண்டனில் 1580-இல் 11 டிகிரி கிழக்கே நின்ற ஊசி, 1634-இல் 4 டிகிரிக்கு வந்துவிட்டது. ஆனால் 980 அடியில் 120 அடி என்றால் 7 டிகிரி. நம் பக்கத்தில் அறுபது வருஷத்தில் அவ்வளவு திரும்பாது.

அப்புறம், காகிதத்தில் இருப்பதே காம்பஸ் அளவு. இன்றைய 2 டிகிரியை முழுசாகக் கழிக்கக் கூடாது, அன்றைய விலகலுக்கும் இன்றையதற்கும் உள்ள வித்தியாசத்தை மட்டும்தான் சேர்க்கவோ கழிக்கவோ வேண்டும். பழைய டோபோ ஷீட்டின் (சர்வே வரைபடத்தின்) ஓரத்தில் எந்த வருஷம் எத்தனை டிகிரி என்று அச்சிட்டிருப்பார்கள்.

எங்கே நின்று பார்த்தீர்கள்?

மெட்டுக்காரன்: கல்லை ஒட்டியே முள்வேலி போகிறது அண்ணே, ஆங்கிள் இரும்புக் கம்பத்தின் மேல் காம்பஸை வைத்துத்தான் பார்த்தேன். இடுப்பில் அரிவாளும் இருந்தது.

பழைய சர்வேயர்: அதுதான். அந்த இரும்புதான் ஊசியை இழுக்கிறது. கோட்டின் நடுவில், வேலி இல்லாத இடத்தில் நின்று, முன்னே 42 வரும்போது திரும்பிக் கல்லைப் பாருங்கள். நேர் எதிர்த்திசை என்பதால் 180 கூடி 222 வரவேண்டும்.

ஓடைமேடு: போனில் பார்த்தால் இன்னொரு விஷயம். செட்டிங்கில் உண்மை வடக்கு போட்டிருந்தால் அதுவே விலகலைக் கணக்குப் போட்டுவிடும், காகிதத்தோடு ஒப்பிட அதை அணைத்துவிடுங்கள். காந்தம் வைத்த கவரையும் கழற்றுங்கள்.

மெட்டுக்காரன்: அரிவாளைத் தம்பியிடம் கொடுத்து, வேலியிலிருந்து முப்பது அடி விலகி அதே கோட்டுக்கு இணையாகப் பிடித்தேன். 6 டிகிரி மாறிவிட்டது! டேப் முடிந்த இடத்தில் கல் இல்லை, நீங்கள் சொன்ன வித்தியாசத்துக்கு இடம் விட்டு இரண்டு பக்கமும் தேடினோம். 18 அடி இடப்பக்கம், ஏலச்செடித் தூரின் வேருக்கடியில், தலையில் கூட்டல் குறி வெட்டிய கல் புதைந்து கிடந்தது அண்ணே. தாலுகா சர்வேயருக்கு மனு எழுதிக்கொண்டிருக்கிறேன்.