லக்சம்பர்க்: ஒரு பகலா, இரண்டு இரவா?

முதல்பயணி:
மே மாதம் குடும்பத்தோடு முதன்முறையாக ஐரோப்பா போகிறோம். நான், மனைவி, எட்டு வயது மகள், அம்மா. அம்மாவுக்கு 67, படி ஏறினால் முழங்கால் வலிக்கும். பாரிஸில் ஐந்து இரவு, பிரஸ்ஸல்ஸில் மூன்று இரவு முடிவாகிவிட்டது. இடையில் லக்சம்பர்க்கை நுழைக்கலாமா என்று யோசனை. அங்கே பேருந்து, ரயில், டிராம் எல்லாம் இலவசம் என்கிறார்கள், அதுதான் இழுக்கிறது. ஒரு பகல் போதுமா, தங்க வேண்டுமா? கார் எடுக்கலாமா?

கஞ்சப்பிரபு:
ஒரு பகல் போதும். நாட்டின் பரப்பே 2,586 சதுர கி.மீ.தான். பாரிஸ் கிழக்கு நிலையத்தில் காலையில் டிஜிவி (பிரெஞ்சு அதிவேக ரயில்) பிடித்தால் இரண்டு மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூடுதல். இறங்கி டிராம் ஏறினால் பழைய நகரம். போக் கேஸ்மேட் சுரங்கம், கார்னிஷ் நடைபாதை, பள்ளத்தில் இருக்கும் குருண்ட் பகுதி, மாலையில் திரும்பும் ரயில். அவ்வளவுதான். இலவசம் என்பது வண்டிக்குத்தான், படுக்கைக்கு இல்லை. ஹோட்டல் வாடகையைப் பார்த்தால் பாரிஸே தேவலை என்றிருக்கும்.

தொடர்வண்டி:
கஞ்சப்பிரபு எந்தக் கிழமை வாடகையைப் பார்த்தார் என்று தெரியவில்லை. வங்கி வேலை, ஐரோப்பிய ஒன்றிய வேலை என்று திங்கள் முதல் வியாழன் வரை வெளியூர்க்காரர்கள் வந்து அறைகளை நிரப்புகிற ஊர் அது. வெள்ளி, சனி இரவுகளில் அதே அறைக்கு விலை இறங்கும். தேதியை இரண்டு நாள் நகர்த்திப் போட்டுப் பாருங்கள்.

அப்புறம், நீங்கள் சொல்கிற ஒரு பகலில் பார்ப்பது தலைநகரை மட்டும்தான். வியாண்டன் கோட்டை? எக்டர்நாக் ஊர்? முல்லர்டால் பாறைக்காடு? 1820-இல் நெதர்லாந்து அரசர் முதலாம் வில்லியம் வியாண்டன் கோட்டையை விற்றுவிட, வாங்கியவர் அதைப் பிரித்துத் துண்டு துண்டாக விற்றார். 1977-இல் அரசு கைக்கு வந்த பிறகுதான் கட்டி எழுப்பினார்கள். எட்டு வயதுக் குழந்தைக்குச் சுரங்கத்தைவிட அந்தக் கோட்டைதான் நினைவில் நிற்கும்.

கஞ்சப்பிரபு:
கோட்டை பார்க்க வேண்டும் என்றால் பிரான்ஸிலேயே ஆயிரம் இருக்கிறது. வியாண்டனுக்கு ரயிலே கிடையாது. எட்டல்புருக் வரை ரயில், பிறகு பேருந்து, பிறகு மலையேற்றம். போய்வர அரை நாள். அம்மாவின் முழங்காலை நினைத்துப் பார்த்தீர்களா?

தொடர்வண்டி:
முழங்காலை நினைத்தால் முதலில் விட வேண்டியது நீங்கள் சொன்ன கேஸ்மேட்தான். 1644-இல் ஸ்பானியர்கள் குடையத் தொடங்கிய சுரங்கம், பிறகு பிரெஞ்சுக்காரர் வோபான் விரிவாக்கினார். மொத்தம் 23 கி.மீ. இருந்தது. 1867 லண்டன் ஒப்பந்தப்படி தலைநகரின் கோட்டையை இடித்தார்கள். சுரங்கத்தை முழுதும் இடித்தால் மேலிருக்கும் ஊரே சரியும் என்பதால் 17 கி.மீ. தப்பியது. உள்ளே குறுகலான சுழல் படிகள். அம்மா வெளியே கார்னிஷ் பெஞ்சில் உட்கார்ந்து பள்ளத்தாக்கைப் பார்க்கட்டும், நீங்களும் மகளும் போய்வாருங்கள். இதற்குக் கட்டணம் உண்டு, இலவசம் என்று நினைத்துப் போகாதீர்கள்.

மற்றபடி அந்த ஊர் முழங்காலுக்கு அவ்வளவு எதிரி இல்லை. மேல் ஊருக்கும் குருண்டுக்கும் நடுவே மின்தூக்கி இருக்கிறது. ஃபாஃபென்டாலில் கண்ணாடி மின்தூக்கி ஒன்று; அதில் கீழே இறங்கிக் கொஞ்சம் நடந்தால் கிர்ச்பெர்க் மேட்டுக்கு இழுவை ரயில். எதற்கும் காசு இல்லை. குழந்தை மூன்று முறை போய்வரச் சொல்வாள், சொல்லிவிட்டேன்.

ஸ்டியரிங்:
அம்மாவும் குழந்தையும் இருக்கும்போது கார்தான் சரி. எரிபொருள் அங்கே மலிவு. பக்கத்து நாட்டுக்காரர்களே எல்லை தாண்டி வந்து நிரப்பிக்கொண்டு போகிறார்கள். முல்லர்டாலில் பேருந்துக்காகக் காத்திருந்து நான் இழந்த நேரத்தில் இரண்டு அருவி பார்த்திருக்கலாம்.

தொடர்வண்டி:
முல்லர்டாலுக்கு மட்டும் என்றால் ஒத்துக்கொள்கிறேன். தலைநகருக்குள் காரை எடுத்துக்கொண்டு போனால் நிறுத்துமிடம் தேடியே பொழுது போகும். 2020 மார்ச் முதல் நாடு முழுவதும் இரண்டாம் வகுப்பு இலவசம்; முதல் வகுப்பில் உட்கார்ந்தால் மட்டும் கட்டணம். வெளிநாட்டவர், உள்நாட்டவர் பேதம் இல்லை, அட்டையும் தேவையில்லை, ஏறி உட்கார வேண்டியதுதான். கார் வேண்டும் என்றால் ஒரே ஒரு நாளுக்கு எடுங்கள்.

கஞ்சப்பிரபு:
தங்கியே தீருவேன் என்றால் ஒரு வழி: ஜெர்மனியில் டிரியர் நகரில் அறை போடுங்கள். ரயிலில் ஒரு மணி நேரத்துக்குள். வாடகை குறைவு, ரோமானியர் கட்டிய போர்ட்டா நிக்ரா வாசலும் கூடுதல் வரவு.

லாச்சப்பல்:
தம்பி, அந்த டிரியர் யோசனையில் நான் அகப்பட்டனான். பாரிஸில் இருபது வருசம் இருக்கிறேன், ரயில் எனக்குத் தண்ணி பட்டபாடு என்று நினைப்பு. லக்சம்பர்க்கில் எல்லாம் இலவசம்தானே என்று டிரியர் ரயிலில் பேசாமல் ஏறி இருந்துவிட்டேன். வாசர்பில்லிக் தாண்டினதும் பரிசோதகர் வந்தார். அதுதான் லக்சம்பர்க் பக்கக் கடைசி நிலையம். அதற்கு அங்கால் ஜெர்மனி, டிக்கெட் வேண்டும். பிள்ளைகளுக்கு முன்னால் அபராதம் கட்டினேன். பிழை என்னுடையதுதான். பெல்ஜியம், பிரான்ஸ் பக்கமும் இதே கதை: எல்லை வரைதான் சும்மா.

இன்னொன்று: சாப்பாட்டு நேரம். மத்தியானம் 12-இலிருந்து 2 மணிக்குள் போய் இருந்துவிடுங்கோ. அதற்குப் பிறகு பல கடைகளில் சமையல் அறை பூட்டு, பின்னேரம்தான் திறப்பார்கள். வேலை நாளில் "பிளா து ஜூர்" (அன்றைய சாப்பாடு) என்று பலகையில் எழுதியிருப்பதுதான் மலிவு. குழாய்த் தண்ணி குடிக்க நல்லது, ஆனால் உணவகத்தில் கேட்டால் போத்தல் தண்ணிதான் வரும், பில்லிலும் வரும்.

நாலாம்பக்கம்:
ஒருவரும் விசாவைத் தொடவில்லையே. லக்சம்பர்க் சின்ன நாடு, கூட்டம் இருக்காது, அங்கே விண்ணப்பித்தால் சீக்கிரம் கிடைக்கும் என்று என் நண்பர்கள் சொல்கிறார்கள். அதைச் செய்யலாமே?

தொடர்வண்டி:
கூடாது. ஷெங்கன் (பல ஐரோப்பிய நாடுகளுக்கும் ஒரே விசா) விதிப்படி எந்த நாட்டில் அதிக நாள் தங்குகிறீர்களோ அந்த நாட்டிடம்தான் விண்ணப்பம். நாட்கள் சமமாக இருந்தால் முதலில் நுழையும் நாடு. இவருக்கு பாரிஸ் ஐந்து, பிரஸ்ஸல்ஸ் மூன்று, லக்சம்பர்க் இரண்டு என்றால் பிரான்ஸ்தான், பேச்சே இல்லை. விசாவுக்காகப் பொய்யாக ஹோட்டல் பதிவு செய்து காட்டும் வேலையை யாருக்கும் சொல்லிக்கொடுக்காதீர்கள்.

ஸ்டியரிங்:
விசா என்றதும் நினைவு வருகிறது. அந்த ஷெங்கன் என்பது லக்சம்பர்க்கில் மோசல் ஆற்றங்கரையில் இருக்கும் ஒரு கிராமம். 1985 ஜூன் 14-இல் ஆற்றில் நின்ற பிரின்செஸ் மரி-அஸ்ட்ரிட் என்ற கப்பலில்தான் எல்லைச் சோதனையை நீக்கும் ஒப்பந்தத்தில் ஐந்து நாடுகள் கையெழுத்துப் போட்டன. போய்ப் பாருங்கள்.

கஞ்சப்பிரபு:
போனேன். ஒரு ஆறு, ஒரு நினைவுச்சின்னம், திராட்சைத் தோட்டம். இருபது நிமிடத்தில் முடிந்தது.

ஸ்டியரிங்:
வங்கிக் கணக்கு அறிக்கை, சம்பளச் சீட்டு, காப்பீடு என்று கட்டுக் காகிதம் சுமந்து, வரிசையில் நின்று, விரல் ரேகை கொடுத்தவனுக்கு அந்தப் பெயர்ப்பலகை முன்னால் நின்று ஒரு படம் எடுத்துக்கொள்ள உரிமை இருக்கிறது, ஐயா. அதற்கு இருபது நிமிடம் போதும்.

கஞ்சப்பிரபு:
சரி, சரி. அதை மட்டும் விட்டுக்கொடுக்கிறேன்.

தொடர்வண்டி:
கணக்கையும் விட்டுக்கொடுங்கள். ஒரு பகல் போய்வந்தால் நான்கு பேருக்கும் டிஜிவி இரண்டு வழிக் கட்டணம். அதன் பிறகு பாரிஸிலிருந்து பிரஸ்ஸல்ஸுக்குத் தனியாக இன்னொன்று. பாரிஸ், லக்சம்பர்க், பிரஸ்ஸல்ஸ் என்று ஒரே வரிசையில் போனால் மிச்சமாகும் தொகையில் அறை வாடகையின் ஒரு பகுதி கழிந்துவிடும்.

கஞ்சப்பிரபு:
கணக்கு சரி, நேரம் தப்பு. பாரிஸ்–பிரஸ்ஸல்ஸ் அதிவேக ரயில் ஒன்றரை மணி நேரம்கூட ஆகாது. லக்சம்பர்க்–பிரஸ்ஸல்ஸ் தூரம் குறைவு, ஆனால் அந்த ரயில் ஆடி அசைந்து மூன்று மணி நேரத்துக்கு மேல் எடுத்துக்கொள்ளும். குழந்தையோடு அதில் உட்கார்ந்துவிட்டு வந்து சொல்லுங்கள்.

தொடர்வண்டி:
ஆர்டென் காட்டு வழியாக வரும் மூன்று மணி நேரம். எனக்கு அது தண்டனையாகத் தெரியவில்லை. உங்களுக்கு ஜன்னல் ஓரம் கிடைக்கவில்லை போல.

லாச்சப்பல்:
அம்மா சைவமா? அப்படியென்றால் ஒரு எச்சரிக்கை. சந்தைகளில் "குரொம்பரெகிசெல்ஷர்" என்று உருளைக்கிழங்கு வடை மாதிரிப் பொரித்துத் தருவார்கள், வாசம் ஆளை இழுக்கும். மாவில் முட்டை இருக்கும்.

முதல்பயணி:
அம்மா முட்டையும் தொட மாட்டார், நல்லவேளை சொன்னீர்கள். எல்லோருக்கும் நன்றி. வெள்ளி, சனி இரண்டு இரவு லக்சம்பர்க்கில் அறை போட்டுவிட்டேன். வாரநாள் விலையோடு ஒப்பிட்டேன், குறைவுதான். ஒரு நாள் தலைநகர், ஒரு நாள் வியாண்டன். கார் இல்லை. ஞாயிறு மாலை பிரஸ்ஸல்ஸ் ரயில். விசா பிரான்ஸிடம்.

கஞ்சப்பிரபு:
வியாண்டனைச் சனிக்கிழமையே முடியுங்கள், ஞாயிற்றுக்கிழமை பேருந்து குறைவு. கடைகளும் பல ஞாயிறு மதியத்தோடு மூடிவிடும், சில திறக்கவே திறக்காது. மே 9 ஐரோப்பா தினம், அங்கே பொது விடுமுறை. உங்கள் தேதி அதில் மாட்டுகிறதா பாருங்கள். சனிக்கிழமை இரவே குழந்தைக்குப் பாலும் ரொட்டியும் வாங்கி வைத்துவிடுங்கள்.

தொடர்வண்டி:
கடைக்காரரிடம் போனதும் "மொயென்" என்று சொல்லுங்கள், அவர்கள் மொழியில் வணக்கம். அதன் பிறகு பிரெஞ்சோ ஆங்கிலமோ எதிலும் பேசலாம். கஞ்சப்பிரபு, ஞாயிறு பேருந்து விஷயம் இவ்வளவு துல்லியமாகத் தெரிகிறதே, ஒரு பகல்தான் இருந்தீர்களா?

கஞ்சப்பிரபு:
நான்கு நாள். மனைவியின் தங்கை வீடு அங்கே.